383-க்கு ஒரு கிராங்க்: வாங்கியதும் அளந்ததும் திருப்பி அனுப்பியதும்

ஸ்டாண்டில் நிற்பது ஒரு பழைய செவர்லே 350 வி8 இன்ஜினின் பிளாக். 350 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு, கடைசியில் அது 383 ஆனது. 4 அங்குல போரை (சிலிண்டரின் விட்டம்) 30 தௌ கூட்டி 4.030 ஆக்கியாகிவிட்டது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் தௌ. இந்த இன்ஜின் பிறந்ததே அங்குலக் கணக்கில் என்பதால் பதிவு முழுக்க அதிலேயே எழுதுகிறேன். பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டாக வரும், 1985 வரைக்குமான வகை. நான் எதிர்பார்ப்பது டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் 6,000 ஆர்பிஎம் பக்கத்தில் 450 குதிரைத்திறன். 6,500-ல் கட், அதற்கு மேல் சுற்ற விடமாட்டேன். சாலையிலும் ஓட வேண்டும், அவ்வப்போது டிராக்கில் ஒரு நாள் முழுக்கவும் ஓட வேண்டும்.

இதில் கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் எனக்கு மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம், வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் போனது. முதலில் "எந்தக் கிராங்க் பலமானது" என்று தேடினேன். எவ்வளவு எடையுள்ள பிஸ்டன், எவ்வளவு நீள ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), என்ன ஆர்பிஎம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதன் பிறகு கிராங்க் பக்கம் வந்திருக்க வேண்டும். அப்படி வந்த பிறகுதான் எல்லாம் சட்டென்று தெளிவானது.

பிளாக்கோடு வந்த பழைய கிராங்க்

3.48 அங்குல ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஓடும் தூரம். இதையே கிரைண்டிங் போட்டு, 10 தௌ அண்டர்சைஸ் பேரிங் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். 350-ல் வார்ப்புக் கிராங்கும் வந்திருக்கிறது, ஃபோர்ஜிங் (சூடான எஃகை அச்சில் அடித்து உருவாக்கிய) கிராங்கும் வந்திருக்கிறது. பார்த்தே கண்டுபிடிக்கலாம். வார்ப்பு என்றால் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ஃபோர்ஜிங் என்றால் அந்த இடத்தில் அகலமான பட்டை தெரியும், ஏனென்றால் பிதுங்கி வந்த உலோகத்தை வெட்டி எடுத்திருப்பார்கள். கட்டித் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டினாலும் வித்தியாசம் தெரியும். ஃபோர்ஜிங் மணி போல் நீண்டு ஒலிக்கும், வார்ப்பு சட்டென்று அடங்கிவிடும். என்னுடையது அடங்கிவிட்டது.

வார்ப்பு என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. காந்தத்தூள் சோதனைக்குக் கொடுத்தேன். கிராங்க்கை காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் தூள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு பச்சைக் கோடாக மின்னும். மூன்றாவது ராடு ஜர்னல் (ராடு வந்து மாட்டும் உருளைப் பகுதி) பக்கச்சுவரோடு சேரும் வளைவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு மின்னியது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினோம். அதே இடத்தில் அதே கோடு.

அந்த வளைவைத்தான் ஃபில்லெட் என்கிறோம். கிராங்க் ஒரே அடியில் உடைவது அபூர்வம், சோர்ந்து சோர்ந்துதான் உடையும். 6,000 ஆர்பிஎம்-ல் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 3,000 தடவை வெடிக்கிறது, அதாவது மணிக்கு 1,80,000. அந்த வேகத்தில் 60 மணி நேரம் ஓடினால் ஒரு கோடியே எட்டு லட்சம் தடவை அதே ஃபில்லெட் வளைந்து நிமிர்கிறது. விரிசல் பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுவாகவோ, ஆயில் துளையின் விளிம்பாகவோதான் இருக்கும். அந்தக் கிராங்க் இப்போது பட்டறைச் சுவரோரம் நிற்கிறது, வளைவில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருக்கிறேன்.

எப்படியும் புதுசு வாங்கத்தான் வேண்டும் என்றானதும், ஸ்ட்ரோக்கையும் கூட்டிவிடலாம் என்ற எண்ணம் வந்தது.

3.75 ஸ்ட்ரோக்: கிடைப்பதும் இழப்பதும்

1970-ல் வந்த செவர்லே 400-ன் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். அதை 4.030 போரில் வைத்தால் 383 கன அங்குலம், கிட்டத்தட்ட 6.27 லிட்டர். இந்தக் கலவை பழையது. அந்தக் காலத்தில் 400-ன் வார்ப்புக் கிராங்கை எடுத்து, அதன் 2.650 அங்குல மெயின் ஜர்னல்களை (கிராங்க் பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பகுதிகள்) 2.450-க்குக் கடைந்து 350 பிளாக்கில் உட்கார வைப்பார்கள். இன்று 2.450 மெயினோடே 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் புதிதாகக் கிடைக்கிறது.

வாங்கும் முன் நான் ஒரு தாளில் போட்ட முதல் கணக்கு ஓவர்லேப். கிராங்க்கை முன்பக்கத்திலிருந்து நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஜர்னல் ஒரு வட்டம், ராடு ஜர்னல் இன்னொரு வட்டம். இரண்டும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதுதான் ஓவர்லேப். இரண்டு ஆரத்தையும் கூட்டி, ஸ்ட்ரோக்கில் பாதியைக் கழித்தால் போதும்.

350-க்கு: 1.225-ம் 1.050-ம் சேர்த்து 2.275. அதில் 1.740 போனால் 0.535 அங்குலம்.
383-க்கு: அதே 2.275-ல் 1.875 போனால் 0.400 அங்குலம்.

ஸ்ட்ரோக் வெறும் 0.27 அங்குலம் கூடியதற்கு ஓவர்லேப் கால் பங்கு போய்விட்டது. இரண்டு ஜர்னலையும் நேராக இணைத்துப் பிடித்திருக்கும் உலோகம் அது. அது குறையக் குறைய கிராங்க் முறுக்கிலும் வளைவிலும் தளர்ந்துபோகிறது. 400-ன் அசல் கிராங்கில் மெயின் 2.650 என்பதால் ஓவர்லேப் 0.500 இருந்தது. அதை 2.450-க்குக் கடையும்போது ஏற்கெனவே வார்ப்பாக இருக்கும் ஒன்றிலிருந்து மேலும் ஒரு பத்தில் ஒரு அங்குலத்தைப் பறிக்கிறோம். மிதமான இன்ஜினுக்கு அது பல ஆண்டு உழைத்திருக்கிறது, மறுக்கவில்லை. 6,500 வரை சுற்றும் என் இன்ஜினுக்கு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே அடித்துவிட்டேன்.

பொருளைப் பொறுத்தவரை மிச்சமிருந்தது மூன்று: வார்ப்பு எஃகு, 5140 ஃபோர்ஜிங், 4340 ஃபோர்ஜிங். இந்த எண்கள் எஃகின் ரகங்கள். முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் பில்லெட் இதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள இன்ஜினுக்கானது, அதைப் பார்க்கவே இல்லை. 4340 எஃகில் 1.65 முதல் 2 சதவீதம் நிக்கல், கூடவே குரோமியமும் மாலிப்டினமும் இருக்கும். தடித்த துண்டிலும் உள்ளே வரை சீராகக் கடினமாகும் என்பதுதான் நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்து செய்யும் வேலை. 5140-ல் குரோமியம் மட்டும்தான். இழுவலிமை என்று பார்த்தால் முடிச்சுக் கிராஃபைட் வார்ப்பிரும்பு சுமார் 650 மெகாபாஸ்கல், 4340 கிராங்க் சுமார் 1,000.

நேர்மையாகச் சொல்கிறேன்: டர்போ இல்லாத 450 குதிரைத்திறனுக்கு நல்ல வார்ப்பு எஃகுக் கிராங்கே தாங்கும். சாலையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அதையே வாங்கி, மிச்சப்படுத்தியதை ஹெட் வேலைக்குப் போடுங்கள் என்பேன். நான் 4340 எடுத்ததற்குக் காரணம் டிராக். அங்கே இருபது நிமிடம் தொடர்ந்து 5,000-க்குக் கீழே இறங்காமல் ஓடும். ஆயில் சூடேறும், என்றாவது ஒரு நாள் மோசமான எரிபொருளில் டெட்டனேஷனும் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும். கோடி தடவை வளையும் ஃபில்லெட்டும், 0.400 ஓவர்லேப்பும் கண்முன் இருக்கும்போது அந்தக் கூடுதல் வலிமை எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

அடுத்துப் பார்த்தது நைட்ரைடிங். 500 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், அம்மோனியா நிரம்பிய உலையில் பல மணி நேரம் வைப்பார்கள். நைட்ரஜன் மேற்பரப்பில் ஊறி அதைக் கடினமாக்கும். தேய்மானம் குறைவது ஒரு பக்கம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, மேல்தோல் அழுந்திய நிலையில் இறுகிவிடுவதால் விரிசல் திறக்கவே சிரமப்படும் என்பது. ஆனால் அந்தத் தோல் மெல்லியது. பின்னால் ஒரு நாள் கிரைண்டிங் போட்டால் அது போய்விடக்கூடும், அப்போது மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும்.

ராடு நீளம்

இதற்கு நான் செலவழித்த நேரம் அதிகம். 5.7 அங்குல ராடு போட்டால் ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.52, 6.0 போட்டால் 1.60. இந்த எண்ணைச் சொல்லி நடக்கும் வாதங்களுக்கு முடிவே இல்லை. நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6,500 ஆர்பிஎம்-ல் மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் 5.7 ராடோடு புவியீர்ப்பைப் போல் 2,990 மடங்கு, 6.0 ராடோடு 2,950 மடங்கு. வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்! அதே சமயம் 3.48-லிருந்து 3.75-க்குப் போனதால் மட்டும் முடுக்கம் பத்து சதவீதம் பக்கம் கூடியிருக்கிறது. சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 19.2 மீட்டரிலிருந்து 20.6 ஆகிறது.

அப்படியென்றால் 6.0 ராடு எதற்கு? பிஸ்டனுக்காக. பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்க்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை, 9.025 அங்குலம். அதில் கிராங்க்கின் பாதி ஸ்ட்ரோக் 1.875, ராடு 6.0 போக, பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை 1.125 வைத்தால் 25 தௌ மிச்சம். 5.7 ராடென்றால் அதே இடம் 1.425. குட்டைப் பிஸ்டன் எடை குறைந்த பிஸ்டன். எனக்குக் கிடைத்த ஜோடிகளில் வித்தியாசம் 60 கிராம். எட்டு சிலிண்டருக்கு அரைக் கிலோ, அதுவும் ஏறி இறங்கும் எடையில். விலை என்னவென்றால், பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே ரிங்குக்கு அடியில் தாங்குபட்டை ஒன்று தனியாகப் போட வேண்டும். சரியாக உட்கார வைத்தால் தொந்தரவில்லை.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. 3.75 கிராங்க் 5.7 ராடுக்கு ஒரு வடிவம், 6.0 ராடுக்கு ஒரு வடிவம் என்று வரும். 6.0-க்கானதில் கவுண்டர்வெயிட் (ராடு, பிஸ்டன் எடைக்கு எதிரே கிராங்கில் உள்ள ஈட்டு எடை) பெரிதாக இருக்கலாம். அதில் 5.7 ராடு மாட்டினால் கீழ்முனையில் பிஸ்டன் ஸ்கர்ட் (பிஸ்டனின் அடிப்பக்கச் சுவர்) கவுண்டர்வெயிட்டில் போய் இடிக்கும். ராடை முடிவு செய்யாமல் கிராங்க்குக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பாப்வெயிட்

பேலன்ஸிங் பட்டறையில் நாற்பது வருடமாக கிராங்க் சுற்றும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "அண்ணே, 4340 ஒன்னு பார்த்து வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டன் என்ன எடை தம்பி?" தெரியாது என்றேன். "அப்ப கிராங்க் எதுன்னும் உனக்குத் தெரியாது. போய் எடை போட்டுட்டு வா."

போட்டேன். கிராம் தராசில் ஒவ்வொன்றாக. ராடைப் படுக்கையாகத் தொங்கவிட்டு, பெரிய முனையையும் சிறிய முனையையும் தனித்தனியாக நிறுக்க ஒரு சின்ன ஜிக் வேண்டும். அதையும் செய்துகொண்டேன்.

ராடின் பெரிய முனை 422, அதன் பேரிங் ஜோடி 43. இது சுற்றும் எடை: 465 கிராம். பிஸ்டன் 440, பின் 118, ரிங் செட் 38, பின் லாக்குகள் 2, ராடின் சிறிய முனை 178. இது ஏறி இறங்கும் எடை: 776 கிராம்.

வி8-ல் ஒரே ராடு ஜர்னலில் இரண்டு ராடு உட்காரும். பேலன்ஸ் பார்க்கும்போது ராடு, பிஸ்டனுக்குப் பதிலாக அங்கே மாட்டிச் சுற்றும் எடைதான் பாப்வெயிட். அதன் கணக்கு இப்படி: சுற்றும் எடை முழுசாக, இரண்டுக்கும் 930. ஏறி இறங்கும் எடையில் பாதி, இரண்டுக்கும் சேர்த்து 776. ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிலுக்கு 4. மொத்தம் 1,710 கிராம்.

ஏன் பாதி? இது எனக்கு ரொம்ப நாள் மனப்பாடமாக மட்டும் இருந்தது, பெரியவர்தான் தாளில் வரைந்து காட்டினார். இரண்டு சிலிண்டரும் 90 டிகிரியில் நிற்கின்றன. ஒரு பிஸ்டன் முனையில் நின்று முழு விசையில் இழுக்கும்போது மற்றது நடுவழியில், இழுப்பே இல்லாமல் இருக்கிறது. கிராங்க் திரும்பத் திரும்ப ஒன்று குறைய மற்றது கூடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒரே ஒரு பிஸ்டனின் எடை ஜர்னலோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றுவது போன்ற விசைதான் மிஞ்சுகிறது. வட்டமாகச் சுற்றும் விசையை எதிரே ஒரு கவுண்டர்வெயிட் வைத்து முழுசாக அடக்கிவிடலாம். இரண்டு பிஸ்டனில் ஒன்று என்பதால் பாதி. நேர்வரிசை நான்கு சிலிண்டருக்கு இந்தக் கணக்கே கிடையாது, கிராங்க்கை வெறுமனே சுற்றி பேலன்ஸ் செய்தால் போதும்.

நான் பார்த்துவைத்திருந்த கிராங்க்கின் குறிப்பில், 1,800 கிராம் பாப்வெயிட்டுக்கு வடிவமைத்தது என்றிருந்தது. என்னுடையது 1,710. கவுண்டர்வெயிட் என் தேவைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது, துளை போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். இதுதான் வசதியான பக்கம். பழையபடி கனமான பிஸ்டனும் பின்னும் வைத்திருந்தால் பாப்வெயிட் 1,800-ஐத் தாண்டி, கவுண்டர்வெயிட்டில் எடை சேர்க்க வேண்டி வந்திருக்கும். அதற்கு எஃகைவிட இரு மடங்குக்கு மேல் அடர்த்தியான டங்ஸ்டன் கலவைக் கட்டையைத் துளைக்குள் இறுக்கிப் பொருத்துவார்கள். கிராங்க்கின் அச்சுக்கு இணையாகத்தான் துளை போட வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கிப் போட்டால் சுழலும் வேகத்தில் கட்டை கழன்று பாய்ந்துவிடும். இந்த வேலைக்கு ஆகும் செலவு சாதாரணமானதல்ல.

எக்ஸ்டர்னல் பேலன்ஸ் என்ற வழியும் இருக்கிறது. 400-ன் கிராங்க் அப்படித்தான். கவுண்டர்வெயிட்டில் இடம் போதாமல், மிச்ச எடையை முன்னால் டாம்பரிலும் (கிராங்க்கின் முன்முனையில் மாட்டும் அதிர்வு அடக்கி) பின்னால் ஃப்ளைவீலிலும் வைத்திருப்பார்கள். ஓடும்தான். ஆனால் ஈடுகட்டும் எடை, ஈடுகட்ட வேண்டிய இடத்திலிருந்து தள்ளி, கிராங்க்கின் இரண்டு கோடியிலும் தொங்குகிறது. வேகம் கூடும்போது கிராங்க் அதனாலேயே வளைகிறது. ஃப்ளைவீலை மாற்றும்போதெல்லாம் பேலன்ஸும் மாறும் என்ற தலைவலி வேறு. இன்டர்னல் பேலன்ஸ்தான் என்று முடிவு செய்தேன். 1986 முதல் வந்த ஒரு துண்டு சீல் கிராங்க்கை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் என் பிளாக்குக்கு ஆகாது. சீல் உட்காரும் இடம் வேறு, ஃப்ளைவீல் போல்ட் வட்டமும் 3.58-க்குப் பதில் 3.00 அங்குலம்.

வந்த கிராங்க், போன கிராங்க்

முதலில் வந்தது பார்க்க அழகாக இருந்தது. 24 கிலோ, கவுண்டர்வெயிட்டின் முன்விளிம்பு ஆயிலைக் கிழித்துப் போகும்படி உருட்டிவிட்டிருந்தார்கள். அன்றிரவு அளக்கவில்லை. கிராங்க்கையும் மைக்ரோமீட்டரையும் ஒரே அறையில் ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். 62 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் 7 மைக்ரான் வளரும். அது தௌவில் கால் பங்குக்கு மேல். நான் தேடுவதே அந்த அளவுதான்.

மறுநாள் ஒவ்வொரு ஜர்னலிலும் முன்பக்கம், பின்பக்கம், அதையே 90 டிகிரி திருப்பி மறுபடி என நான்கு இடம். மெயின்கள் ஐந்தும் 2.4484-க்கும் 2.4487-க்கும் இடையில், சீராக. ராடு ஜர்னல்களில் முதலாவது, இரண்டாவது, நான்காவது சரி. மூன்றாவது ஒரு பக்கம் 2.0993, மறுபக்கம் 2.0986. ஒரு தௌவில் பத்தில் ஏழு பங்கு சரிவு. மூன்று தடவை அளந்தேன், மைக்ரோமீட்டரை அளவுக் கட்டையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு நான்காவது தடவையும் அளந்தேன். மாறவில்லை.

ஓடாதா என்றால் ஓடும். ஆனால் சரிவுள்ள ஜர்னலில் ஆயில் படலம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், சுமையைப் பேரிங்கின் ஒரு ஓரமே தாங்கும். எனக்கு நானே வைத்திருந்த வரம்பு 0.0003. அளவுகளை எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். மாற்றிக் கொடுத்தார்கள், மூன்று வாரம் போனது. புது கிராங்க் என்ற பெயருக்காக அளக்காமல் மாட்டியிருந்தால், மூன்றாவது ஜர்னலின் பேரிங்கை டிராக் ஓரத்தில்தான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது வந்தது எல்லா இடத்திலும் ஒரு தௌவில் பத்தில் இரண்டு பங்குக்குள். அதன் ஆயில் துளைகளில் நீளமான நைலான் பிரஷ்ஷை விட்டு, சோப்புநீரில் கழுவினால் உலோகப் பொடி வந்தது. பட்டறையிலிருந்து வரும் எந்தக் கிராங்கிலும் இது இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கழுவ வேண்டும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை கழுவினேன்.

துளைகள் போகும் வழியையும் பார்த்தேன். மெயினைக் குறுக்கே ஊடுருவித் துளைத்த பழைய வகையில், ஆயில் ஜர்னலின் மையம் வரை உள்ளே போய்த் திரும்ப வேண்டும். சுழலும் ஜர்னல் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அதை மீறி உள்ளே நுழைய வேண்டும். வேகம் கூடக் கூட ராடு பேரிங் பட்டினி கிடக்கும். என்னுடையதில் மெயினிலிருந்து ராடு ஜர்னலுக்குச் சாய்வாக நேர்த்துளை.

பேரிங் ஓரத்தில் ஒரு பளபளப்பு

ரன்அவுட் (கிராங்க் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது) பார்க்க, முதல் மெயினிலும் ஐந்தாவது மெயினிலும் மட்டும் மேல் பேரிங்கை வைத்துக் கிராங்க்கைக் கிடத்தி, நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். ஒரு தௌவில் பத்தில் எட்டு பங்கு. நல்லது. ஐந்து மெயின் கேப்பும் (பேரிங்கின் மூடி) முறுக்கி, போர் கேஜில் கிளியரன்ஸ் எடுத்தேன். ஜர்னல் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தௌ என்பது பழைய கைக்கணக்கு. 2.45-க்கு இரண்டரை தௌ வேண்டும், 2.4-லிருந்து 2.7 வரை வந்தது.

எல்லாம் சரி, ஆனால் கிராங்க் சுற்ற மறுத்தது. நின்றுவிடவில்லை, கையில் ஒரு பிசுபிசுப்பு. கழற்றிப் பார்த்தால் மூன்று பேரிங்கின் ஓரத்தில், சுற்றளவு முழுக்கத் தலைமயிர் அகலத்துக்குப் பளபளப்பு. நான் வாங்கியிருந்தது சாதாரண அகலப் பேரிங். இந்தக் கிராங்கில் ஃபில்லெட் பெரிது, ஆரம் 125 தௌ. பலத்துக்காக வேண்டுமென்றே பெரிதாக்கியது. பேரிங்கின் விளிம்பு அந்த வளைவின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் எந்த ஃபில்லெட்டுக்காக 4340 வரை போனேனோ, அதையே பேரிங் உரசிக்கொண்டிருந்திருக்கும். விளிம்பைச் சாய்த்து வெட்டிய, அகலம் குறைந்த பேரிங் இதற்கென்றே வருகிறது. மெயினுக்கும் ராடுக்கும் இரண்டுக்கும் அதையே வாங்கினேன். ராடு பேரிங்கில் சாய்வு வெட்டிய பக்கம் ஃபில்லெட்டைப் பார்க்க வேண்டும். ஒரே ஜர்னலில் இரண்டு ராடு என்பதால் மேல் ஓடு, கீழ் ஓடு, இடம், வலம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி மாட்டினேன்.

பிளாக்கை ராவியது

3.75 ஸ்ட்ரோக் வைத்தால் ராடு போல்ட்டின் தலை பிளாக்கின் அடிவிளிம்பில் இடிக்கும், அந்த இடங்களைக் கிரைண்டரால் ராவ வேண்டும். ராடும் பிஸ்டனும் ரிங் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டராக மாட்டி, கையால் சுற்றி, இடிக்கும் இடத்தில் மார்க்கர் பூசி, கழற்றி, ராவி, மறுபடி மாட்டி. குறைந்தது 60 தௌ இடைவெளி வேண்டும், ஒன்றரை மில்லிமீட்டர். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் மறுபக்கம் தண்ணீர்ப் பாதை. எட்டு சிலிண்டருக்கு இரண்டு நாள். கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அதன் செயினும் மாட்டிய பிறகு ராடின் தோள் கேம் லோபில் படுகிறதா என்று பார்க்க, கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், ஏனென்றால் கேம் பாதி வேகத்தில்தான் போகிறது. நட்டுக்குப் பதில் கேப் ஸ்க்ரூ உள்ள ராடு என்பதால் எனக்கு 70 தௌவுக்குக் குறையாமல் கிடைத்தது.

டாம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பேலன்ஸுக்கான எடை என்று நினைப்பவர்கள் உண்டு. இன்டர்னல் பேலன்ஸ் இன்ஜினில் அதன் வேலை வேறு. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்கை முறுக்கிவிட, அது ஸ்பிரிங் போல் திரும்ப விடுகிறது. அந்த முறுக்கு அதிர்வை வெளிவளையமும் ரப்பரும் சேர்ந்து உறிஞ்சுகின்றன. ஸ்ட்ரோக் கூடி ஓவர்லேப் குறைந்த கிராங்க்குக்கு இது இன்னும் அவசியம். பழைய டாம்பரில் ரப்பர் காய்ந்து வளையம் நழுவியிருந்தால் டைமிங் குறியும் பொய் சொல்லும். எஸ்எஃப்ஐ 18.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரையுள்ள புது டாம்பர், எடை சேர்க்காதது, வாங்கினேன்.

கிராங்க், டாம்பர், ஃப்ளைவீல், கிளட்ச் கவர் எல்லாம் பெரியவரிடம் போயின. 1,710 கிராம் பாப்வெயிட் நான்கு ஜர்னலிலும் மாட்டிச் சுற்றினார். முதல் கவுண்டர்வெயிட்டில் மூன்று துளை, கடைசியில் இரண்டு. ஒரு கிராமுக்குள் நிறுத்தினார். துளை விளிம்புகளை மழுக்கிக் கொடுக்கச் சொன்னேன். "நீ சொல்லாட்டியும் செய்வேன் தம்பி" என்றார்.

நேற்று கிராங்க் கடைசியாக உட்கார்ந்தது. சீலும் ஆயிலும் போட்டு, ஐந்தாவது கேப்பை இறுக்கும் முன் கிராங்க்கை முன்னும் பின்னும் தட்டி த்ரஸ்ட் பேரிங்கை (கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது) நேராக்கினேன். இந்த இன்ஜினில் த்ரஸ்ட் பின்பக்க மெயினில்தான். எண்ட் பிளே, அதாவது முன்பின் அசைவு, ஐந்து தௌ. ராடு இல்லாமல், சீலின் பிடிப்பை மட்டும் மீறி, முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் சுற்றுகிறது. விட்டால் அப்படியே நிற்கிறது, எந்த இடத்திலும் இறுக்கமில்லை. அளவுகளை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி பிளாக்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்து பிஸ்டன் ரிங்குகளின் முனை இடைவெளியை ராவிச் சரிசெய்ய வேண்டும்.